பதினோராம் கோப்புறை

நாரின் நகரம், நான்காம் மாடி.
வெந்நீர்க் குழாய் இருமுகிறது.
என் மேசையில் மலைகள்
கோப்புறைகளாகக் கிடக்கின்றன.

கணவாய்க்கு ஒன்று. உள்ளே சின்னச் சின்னக் கோப்புகள்:
மின்னழுத்தம், வெப்பநிலை, திசை, விழிப்பு.
'விழிப்பு' கோப்பில் சுழியம் எழுதிச் சேமித்தால்
நூற்றெண்பது கிலோமீட்டர் தள்ளிப்
பனிக்குள் நிற்கும் ஒரு பெட்டி கண்ணை மூடும்.
ஒன்று எழுதினால் எழுந்துகொள்ளும்.
இதுதான் என் வேலை என்றால்
மாமியார் நம்புவதில்லை.
"ஒன்று, சுழியம் எழுதவா சம்பளம்?"

இன்றிரவு பதினொன்றில் வெப்பநிலை
மைனஸ் முப்பத்தொன்று.
ஒன்பது மணிக்கும் அதே. நள்ளிரவிலும் அதே.
அசையாத குளிர் குளிரே அல்ல.
கடைசியாய்க் காதில் விழுந்த எண்ணைக்
கணினி சொல்லிக்கொண்டே இருக்கிறது,
அவ்வளவுதான்.

பெரிய ஆன்டெனாவைக் காற்று தள்ளியிருக்கும்.
திருப்ப வேண்டும், இருநூற்றுப் பதினான்கு பாகைக்கு.
'திசை'யைத் திறந்தேன். எழுத விடவில்லை.
பூட்டு.

எசெங்குல்தான், வேறு யார்.
கணவாய் உச்சியில்
பனிவாரி வண்டியோடு ஏப்ரல்வரை குடியிருப்பவர்.
அங்கும் ஒரு திரை, இதே கோப்புறைகள்.
திறந்துபோட்டுவிட்டுத் தூங்கியிருப்பார்.
போன மாதமும் அப்படித்தான்.
குழாயைப் பார்த்து
வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

மாற்று இணைப்பு மட்டும் உயிரோடிருந்தது,
ஒற்றையடிப் பாதைபோல;
எழுத்துகள் வரிசையில் நின்றுதான் போகவேண்டும்.
'குறிப்பு' கோப்பில் எழுதினேன்:
"எசெங்குல், பூட்டை விடுங்கள்."

நாற்பது நிமிடம்.
ஒரு தேநீர் ஆறிப்போனது, இன்னொன்றும்.
பிறகு அடியில் ஒரு வரி முளைத்தது,
கையுறையோடு தட்டியது:
"நாான் பூட்டலை. கம்பத்துமேேல இருந்தேன்.
பனி தட்டிட்டு இப்பத்தான் இறங்கினேேன்."

பூட்டைத் திறந்து படித்தேன்.
அதுவும் ஒரு கோப்புதானே.
உள்ளே ஒரு பெயர், ஒரு தேதி.
பெர்மெத். அக்டோபர் ஆறு.

நான்.
மடிக்கணினி மாற்றிய நாள் அது.
பழையது வீட்டு அலமாரிமேல்,
மின்கம்பி பிடுங்காமல்,
மூன்று மாதமாய் என் பெயரில்
ஒரு கணவாயை இறுக்கிப் பிடித்திருக்கிறது.
அப்படியானால் போன மாதமும்...
சரி, அது இருக்கட்டும்.

பூட்டு மட்டும் இல்லையென்றால்
பன்னிரண்டு மணிக்கே எழுதியிருப்பேன்,
இருநூற்றுப் பதினான்கு.
மூன்று சொற்கூட இல்லை.
மோட்டார் கேள்வி கேட்காது.
அதற்குக் கோப்பு தெரியும், ஏணி தெரியாது.
எனக்கும் தெரியவில்லை:
மின்னழுத்தம், வெப்பநிலை, திசை, விழிப்பு.
ஆள் என்று ஒரு கோப்பு
அங்கே இருந்ததே இல்லை.

விரல்கள் கொஞ்சநேரம் என்னுடையவையாக இல்லை.

"உள்ளே போங்கள். போனதும் சொல்லுங்கள்."
"போயாச்சு. என்னாச்சு?"
"ஒன்றுமில்லை."

பூட்டை அழித்தேன்.
பத்து நிமிடத்தில் நான் 'சரி' என்று எழுதாவிட்டால்
பழைய எண்ணுக்கே திரும்பு என்று
முதலில் ஒரு கட்டளை.
நுனிக்கிளையில் உட்கார்ந்து
அடிக்கிளை வெட்டும் பிழைப்பில்
கற்றுக்கொண்ட ஒரே புத்தி.
பிறகு அந்த எண்.

எங்கோ இருட்டில் இரும்பு முனகியிருக்கும்.
எனக்குக் கேட்டது வெந்நீர்க் குழாய்தான்.

ஏழாம் நிமிடம்
மைனஸ் இருபத்தொன்பது.
இரண்டே டிகிரி. மாறிவிட்டது.
'சரி' என்று எழுதினேன், பிழையில்லாமல்,
மூன்றுமுறை சரிபார்த்து.

போகும் முன் பதினொன்றில்
புதிதாய் ஒரு கோப்பு வைத்தேன்.
பெயர்: 'மேலே யார்'.
இனி அதைப் படிக்காமல்
திசையைத் தொடமுடியாதபடி
இரண்டையும் முடிந்துவைத்தேன்.

காலையில் திறந்து பார்த்தேன்.
ஒன்றோ சுழியமோ போதும் என்று
சொல்லியிருந்தேன்.

"யாருமில்லை. ரொட்டி சுடுகிறேன்.
டீசல் இருபது லிட்டர், வியாழன்வரை வரும்."